நாஃபா முடிந்த பிறகும் ஓடுகிறோமா?

[காட்சி: பள்ளித் திடல். ஓடுதளத்தின் தொடக்கக் கோட்டில் மாணவர்கள்.]

வணக்கம். சிங்கப்பூரில் படித்த யாரிடமும் ‘2.4’ என்று சொன்னால் போதும், விளக்கமே தேவையில்லை. நாஃபா என்ற பள்ளி உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் அது; 400 மீட்டர் ஓடுதளத்தில் ஆறு சுற்று. அதற்கு முந்தின இரவு தூக்கம் வராதவர்கள் நிறைய பேர்.

பள்ளி உடற்கல்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பு பலன் தந்ததா என்பதற்கு 16 வயதில் நாஃபாவில் வாங்கிய தங்க விருதோ வெள்ளி விருதோ சான்று ஆகாது. அதே ஆள் 40 வயதில் விரும்பி எதையாவது ஆடுகிறாரா, நீந்துகிறாரா, ஓடுகிறாரா என்பதுதான் சான்று.

[காட்சி: நாஃபாவின் ஆறு பகுதிகள், ஒவ்வொன்றாக.]

நாஃபா 1982ல் வந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை படுத்து எழுகிறோம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறோம், முட்டியை மடக்காமல் உட்கார்ந்து கை எவ்வளவு நீள்கிறது, கம்பியில் எத்தனை முறை உடலை இழுக்கிறோம், பத்து மீட்டரை நான்கு முறை எவ்வளவு வேகமாக ஓடித் திரும்புகிறோம் என்று ஐந்து சோதனைகள். கடைசியாக ஓட்டம்: தொடக்கப் பள்ளியில் 1.6 கிலோமீட்டர், உயர்நிலைப் பள்ளியில் 2.4. பையன்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்கள் கட்டாயம் செய்யும் தேசிய சேவையில் சேரும் முன்பே உடலுறுதித் தேர்வில் தேவையான தரத்தில் தேறிவிட்டால் சேவைக் காலம் இரண்டு மாதம் குறையும். அதனால் வீட்டில் அப்பாவே கூட நின்று ஓட வைப்பார்.

சோதனையில் தவறில்லை. ஆனால் அந்த ஆறு சுற்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விசில் ஊதியதும் பாதிப் பேர் முதல் சுற்றைப் பறந்து முடிப்பார்கள். அந்த வேகத்துக்கு வேண்டிய ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே கொடுத்துவிட முடியாது. தசை ஆக்சிஜன் இல்லாத வழியில் சக்தி எடுக்கும், அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். மூன்றாவது சுற்றில் கால் கனக்கும், விலாவில் குத்தும், நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். ‘எனக்கு ஓட்டம் வராது’ என்ற முடிவும் அங்கேயே மனதில் விழுந்துவிடும். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு வராதது ஓட்டம் இல்லை, நிதானம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர வேகம். வாரக்கணக்கில் அந்த வேகத்தில் ஓடிப் பழகிய உடம்பு, சோதனை நாளில் தானே கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். இதைக் கற்றுத் தெரிந்துகொண்ட பிள்ளை 50 வயதிலும் தனியாக ஓடப் பழகலாம். நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைக்கு மிஞ்சுவது பயம்.

பயம் என்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1992ல் தொடங்கி 2007 வரை, எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் பயிற்சி கொடுக்கும் திட்டம் நம் பள்ளிகளில் இருந்தது. சில இடங்களில் நண்பர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் இவர்கள் திடலில் ஓடினார்கள். எடை குறைந்திருக்கலாம். ஆனால் பத்து வயதில் உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பழகியவர், பெரியவரான பிறகு அதைத் தேடிப் போவாரா? அந்தத் திட்டத்தை நிறுத்தி, எல்லா மாணவர்களின் உடல்நலம், மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறைக்கு மாறியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

[காட்சி: பூப்பந்து வலை. மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடும் சிறிய ஆட்டம்.]

அப்புறம், விளையாட்டைக் கற்பிக்கும் விதமே மாறியது. முன்பெல்லாம் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்வார்கள். 1990களின் இறுதியிலிருந்து, ஆட்டத்தின் கருத்தைப் புரிய வைத்துவிட்டு அதற்கு வேண்டிய திறனைக் கற்பிக்கும் முறை நம் பள்ளிகளுக்கு வந்தது. வலைக்கு இரண்டு பக்கமும் ஆடும் ஆட்டங்கள் ஒரு குடும்பம். அவற்றின் அடிப்படை ஒன்றுதான்: எதிராளி இல்லாத இடத்துக்கு அனுப்பு, அடித்ததும் உன் இடத்துக்குத் திரும்பு. பூப்பந்தில் இதைப் புரிந்துகொண்டவர் கைப்பந்தோ டென்னிசோ ஆடப் போனாலும் முதல் நாளே தடுமாறிப் போக மாட்டார். ஆட்டம் மாறலாம், கற்றது கைவிட்டுப் போகாது. என்னைக் கேட்டால், பாடத்திட்டத்திலேயே மிக மதிப்புள்ள பகுதி இதுதான்.

தனக்குரிய ஆட்டம் பள்ளிக் காலத்திலேயே அமைந்துவிட வேண்டும் என்றும் இல்லை. நம் சி. குணாளன் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், 20 வயதைத் தாண்டித்தான் ஓட்டத்துக்கு வந்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2001 வரை, 33 ஆண்டுகள் நின்றது. பிற்காலத்தில் அவர் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பணியையும் செய்தார்.

[காட்சி: தேக்கா சந்தை, காலை நேரம்.]

இதை ஏன் தமிழில் அழுத்திச் சொல்கிறேன்? 2010 தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சீனர்களில் அது 9.7. நம் வீடுகளில் சர்க்கரை மாத்திரை இல்லாத அலமாரி எத்தனை? வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும்.

ஆனால் தேர்வு நெருங்கினால் வீட்டில் முதலில் வெட்டுவது விளையாட்டைத்தான். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நடுத்தர வேகத்திலோ அதற்கு மேலோ உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்துக்கு ஏழு மணி நேரம். பள்ளியின் உடற்கல்வி வகுப்பு தருவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மீதி ஐந்தையும் துணைப்பாட வகுப்பு விழுங்கிவிட்டால் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். பெரியவளானதும் ‘வெயில்ல கறுத்துப் போயிடுவே, போதும்’ என்று வலைப்பந்தை நிறுத்திவிடுகிறோம். எலும்பின் வலு பெரும்பாலும் 20களின் முடிவுக்குள் சேர்ந்துவிடும். குதிப்பதும் ஓடுவதும் அதைச் சேர்க்க உதவும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயத் தொடங்கும்போது, அந்தச் சேமிப்புதான் அவளைத் தாங்கும். வெயில் கடுமை என்றால் மாலையில் ஆடட்டும், உள்ளரங்கில் ஆடட்டும். நிறுத்த அது காரணம் ஆகாது.

[காட்சி: மாலை. பள்ளி உள்ளரங்கின் விளக்குகள்.]

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் கணிதம், அறிவியலோடு உடற்கல்வி ஆசிரியரையும் பாருங்கள். மதிப்பெண் கேட்க வேண்டாம். எந்த ஆட்டத்தில் என் பிள்ளை முகம் மலர்கிறது என்று கேளுங்கள். பல பள்ளிகளின் திடல்களும் உள்ளரங்குகளும் பள்ளி நேரம் முடிந்ததும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. உள்ளரங்கில் பூப்பந்து ஆட மைஆக்டிவ்எஸ்ஜி+ (MyActiveSG+) செயலியில் முன்பதிவு செய்யலாம். வார இறுதி மாலை நேரங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் கொஞ்சம் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மட்டை இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு.