பாய் விரித்துத் தொடங்கும் பிலாட்டீஸ்

வணக்கம் நேயர்களே.

பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சியின் பெயரைக் கேட்டதும் போனில் பார்த்த படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சுவரெல்லாம் கண்ணாடி, ஸ்பிரிங்கும் கயிறும் பூட்டிய கட்டில் மாதிரி ஒரு பெரிய மெஷின், அதன்மேல் ஒரு மெலிந்த இளம்பிள்ளை. ‘இது கொழும்பில் இருப்பவர்களுக்குச் சரி’ என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். அந்த மெஷினின் பெயர் ரிஃபோர்மர். அது இல்லாமலே பிலாட்டீஸ் செய்யலாம். தொடங்குகிறவர்களுக்கு ஒரு பாய், ஒரு துவாய், கை கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் போதும். பஞ்சாபிக் காற்சட்டையும் தளர்வான ரீசேட்டும் போட்டுக்கொண்டு அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கலாம்.

யாழ்ப்பாணத்தில் நாரிநோ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘நாள் முழுக்க வீட்டுவேலை செய்கிறேன், இதற்குமேல் என்ன எக்சர்சைஸ்?’ என்று கேட்கிற அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முற்றம் கூட்டுவதும், தேங்காய் திருவுவதும், இடியப்பம் பிழிவதும், பிள்ளையை இடுப்பில் தூக்குவதும் எல்லாமே முன்னுக்குக் குனிந்து, பெரும்பாலும் ஒரே பக்கக் கையால் செய்கிற வேலைகள். உடம்பு களைக்கும், நாரி உளையும், ஆனால் நாரியைத் தாங்க வேண்டிய தசைகள் அதனால் பலப்படுவதில்லை. காலை முதல் இரவுவரை ஆட்டோவில் இருக்கிற அண்ணாமாரும், பள்ளிக்கூடம் விட்டு நேரே ரியூசன் வாங்கில் போய்க் குந்துகிற பிள்ளைகளும் வேறொரு வழியால் இதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

அந்தத் தசைகள் எவை என்று சொல்லிவிடுகிறேன். அடிவயிற்றில், மேலே தெரிகிற தசைகளுக்கெல்லாம் உள்ளே, குறுக்காக ஓடுகிற ஒரு தசை இருக்கிறது. இடுப்பை ஒரு கச்சை மாதிரிச் சுற்றிப் பிடிப்பது அதுதான். கீழே சிறுநீரை அடக்கும்போது இறுகுகிற இடுப்படித் தசைகள், மேலே மூச்சை இழுக்கிற உதரவிதானம், பின்னால் முள்ளந்தண்டை ஒட்டிய சின்னத் தசைகள். நாம் கையைத் தூக்குவதற்கு ஒரு கணம் முன்பே இவை இறுகி நாரியைக் காக்க வேண்டும். நாரிநோ உள்ள பலரில் இந்த உள்வயிற்றுத் தசை பிந்தித்தான் வேலை தொடங்குகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பிலாட்டீஸ் முதலில் பழக்குவது இந்த உள்தசைகளைத்தான்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசெப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமாவும் வாதக் காய்ச்சலும் அவரை வாட்டின. 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார்; எதிரிநாட்டுக்காரர் என்று முகாமில் அடைத்துவிட்டார்கள். அந்த முகாமில்தான், கூட இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, நிலத்தில் செய்கிற பயிற்சிகளை வளர்த்தெடுத்தார். 1926இல் நியூயோர்க் போய் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். காலும் நாரியும் அடிபட்ட நடனக் கலைஞர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். 1945இல் அவர் எழுதிய புத்தகத்தில் 34 பாய்ப் பயிற்சிகள் உண்டு. உடம்பு பழகியவர்கள் செய்கிற வரிசை அது. அதைப் பார்த்து அப்படியே தொடங்கினால் நோ கூடத்தான் செய்யும்.

பலன் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாரிநோவுக்கு பிலாட்டீஸ் உதவுமா என்று 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளை எடைபோடுகிற கொக்ரேன் என்ற அமைப்பு 2015இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. சும்மா இருப்பதைவிட இது நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் முடிவு. ஆகவே சுப்பிரமணியம் பூங்காவில் நடக்கிறவர்கள் நடையை விடவேண்டாம். யோகா செய்கிறவர்கள் அதையும் விடவேண்டாம்.

சரி, தொடங்குவோம். கதிரையில் இருந்தபடியே நிமிர்ந்துகொள்ளுங்கள். இரண்டு கைகளையும் மார்புக்குக் கீழே, விலா எலும்புகளின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா இரண்டு பக்கமும் விரிந்து கைகளைத் தள்ள வேண்டும். தோள் மேலே ஏறக்கூடாது. இப்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடுங்கள். காற்று முடிகிற நேரத்தில் அடிவயிறு தானாக உள்ளே போவது தெரிகிறதா? அந்த உள்வயிற்றுத் தசை வேலை செய்கிற இடம் அது. விலா விரிவது பிடிபடவில்லையென்றால் துவாயை மார்பைச் சுற்றிக் கட்டிவிட்டு மூச்சை இழுங்கள். துவாய் இறுகுவது தெரியும். முதல் கிழமை முழுக்க இது ஒன்றையே செய்தாலும் நேரம் வீண் போகாது.

அடுத்து, பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துப் பாதங்களை நிலத்தில் ஊன்றுங்கள். மெத்தை வேண்டாம், உடம்பு அமிழ்ந்துவிடும். வெறும் ரைல்ஸும் வேண்டாம். புற்பாயின் மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டால் சரி. உள்ளங்கையின் அடிப்பகுதிகளை இடுப்பெலும்பின் இரண்டு முனைகளிலும் வைத்து, விரல்களைக் கீழே அடிவயிற்று எலும்பை நோக்கி நீட்டுங்கள். கைகள் இரண்டும் ஒரு முக்கோணமாகிவிடும். அந்த முக்கோணம் தண்ணீர் மட்டம் போல நேராக இருந்தால், நாரிக்கும் பாய்க்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி விழும். முதுகெலும்பின் இயல்பான வளைவு அதுதான். இங்கே படுத்தபடி மூச்சை விட்டுக்கொண்டு, ஒரு பாதத்தை மட்டும் மெல்லத் தூக்கி இறக்குங்கள். முக்கோணம் ஆடக்கூடாது. பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. ஆனால் ஒழுங்காகச் செய்தால் நெற்றி வியர்க்கும்.

இதோடு பாலப் பயிற்சியையும் சேர்க்கலாம். அதே படுக்கையில், மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்கி, முள்ளந்தண்டின் எலும்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாயில் வைத்து இறங்குவது. வேகம் வேண்டவே வேண்டாம். ஆறு தரம் ஒழுங்காகச் செய்தால் போதும். கிழமைக்கு மூன்று நாள், இருபது நிமிடம். வெயில் ஏறமுதல் வெள்ளனச் செய்வது நல்லது. புட்டுச் சாப்பிட்ட கையோடு படுக்க வேண்டாம்.

சிலர் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஆறு கிழமை ஆகாதவர்கள், சிசேரியன் செய்தவர்கள், பிரஷர் உள்ளவர்கள். பிரஷர்காரர் எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்கக்கூடாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் தலையையும் தோளையும் தூக்கி முன்னுக்குச் சுருள்கிற பயிற்சிகளை விட்டுவிடுங்கள். முள்ளந்தண்டு எலும்பு நொருங்கக்கூடும். நாரிநோ காலுக்கு இறங்கி விறைத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். அதோடு சிறுநீரோ மலமோ அடங்காமல் போனாலோ, சிறுநீர் போக முடியாமல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்கள், பாதத்தைத் தூக்கும்போது முக்கோணம் ஆடாமல் பத்துத் தரம் செய்ய வந்தபிறகு, ‘ஹன்ட்ரட்’ என்ற பயிற்சிக்குப் போகலாம். முழங்காலை மடித்தபடி, தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்கி, கைகளை உடம்போடு நீட்டி மேலும் கீழுமாகச் சின்னதாக அசைப்பது. மூச்சை இழுக்கும்போது ஐந்து அசைவு, விடும்போது ஐந்து. இப்படிப் பத்து மூச்சு போனால் நூறு. நாடிக்குக் கீழே ஒரு தேசிக்காய் வைக்க இடம் இருக்கட்டும். கழுத்து நொந்தால் தலையைப் பாயில் வைத்துவிட்டுக் கைகளை மட்டும் தொடருங்கள், நூறு முடியட்டும்.

நன்றி, வணக்கம்.