ஈரி கவுண்டியின் அறுநூறு வாக்காளர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தேர்தல் பரப்புரை ஒருவருடைய மனத்தை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்று ஆராய்ந்த ஒரு முன்னோடி ஆய்வைப் பற்றி இன்று பேசுகிறேன்.

1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், மூன்றாம் முறையாகப் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டைக் குடியரசுக் கட்சியின் வெண்டல் வில்கி எதிர்த்தார். வியன்னாவில் பிறந்த சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும், ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்து, யாருக்கு வாக்களிக்க எண்ணுகிறார்கள், எதைப் படித்தார்கள், யாருடன் பேசினார்கள் என்று விசாரித்தார்கள். ஒரே ஒருமுறை கேட்கும் கருத்துக்கணிப்பு மொத்த விழுக்காட்டைத்தான் சொல்லும். இம்முறையிலோ யார், எப்போது, எதனால் மாறினார் என்பதை ஆள்வாரியாகத் தொடர முடிந்தது. திரும்பத் திரும்பக் கேட்பதே அவர்களை மாற்றிவிடுமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, ஒப்பீட்டுக்கென வேறு குழுக்களையும் வைத்திருந்தார்கள். இந்தக் கவனம் எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது.

வானொலியைப் பற்றி ஏற்கெனவே விரிவாக ஆராய்ந்திருந்தவர் லாசர்ஸ்ஃபெல்ட். ஆயினும், ஏறத்தாழப் பாதிப் பேர் மே மாதத்திலேயே முடிவு செய்து கடைசிவரை அதில் நின்றதையும், ஒரு கட்சியை விட்டு மறு கட்சிக்கு முழுமையாக மாறியவர்கள் 8 விழுக்காட்டினரே என்பதையும் அவர் கண்டார். வானொலியையும் நாளிதழையும் விட, வீட்டாரும் உடன் வேலை செய்வோரும் சொன்ன சொல்லுக்கே வலிமை மிகுதியாக இருந்தது.

இதனினும் ஆழமானது, முடிவைத் தள்ளிப்போட்டவர்களைப் பற்றிய கண்டுபிடிப்பு. வசதி படைத்த ஒரு கத்தோலிக்கரை அவருடைய செல்வநிலை குடியரசுக் கட்சியின் பக்கமும், சமயச் சூழல் ஜனநாயகக் கட்சியின் பக்கமும் இழுத்தன. இப்படி எதிரெதிர் இழுப்புகளுக்கு ஆளானோர் முடிவெடுக்கத் தாமதித்தார்கள். பலருக்குத் தேர்தலில் ஆர்வமே குறைந்தது. அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒதுக்குவது அநீதி என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் எந்தப் பக்கம் பேசினாலும் தமக்கு வேண்டிய ஒருவரை எதிர்த்துப் பேச வேண்டிய நிலை அவர்களுடையது.

பெருநகரம் இல்லாத ஒரு கவுண்டியின் முடிவுகளை எல்லா இடத்துக்கும் பொருத்த இயலாதுதான். எனவே 1948இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் இதுபோன்ற ஆய்வு மீண்டும் நடைபெற்றது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் ட்ரூமன் தோற்பார் என்று முன்னணிக் கணிப்பாளர்கள் அறிவித்திருந்த அத்தேர்தலில், தயங்கி நின்ற ஜனநாயகக் கட்சி ஆதரவாளர் பலர் கடைசி வாரங்களில் தம் பழைய கட்சிக்கே திரும்பியதை அந்த ஆய்வு பதிவு செய்தது.