தம்பி முதல் றைபிள் வாங்கியிருக்கிறான்: சுடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

அடுத்த கேள்வி இணுவிலில் இருந்து வந்திருக்கிறது. ஒரு பிள்ளை எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி ஒன்ராறியோவில் இருக்கிறான். துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனையில் தேறி, உரிமமும் எடுத்து, மான் வேட்டைக்கென்று .308 அளவு ரவை சுடும் போல்ட் றைபிள் ஒன்று வாங்கியிருக்கிறான். வருகிற சனிக்கிழமை சுட்டுப் பழகப் போகிறானாம். "புதியதுதானே அக்கா, பெட்டியைத் திறந்து எடுத்துச் சுட வேண்டியதுதான் என்கிறான். அம்மா இரவில் நித்திரை கொள்வதில்லை. நீங்கள் கனடாவில் துவக்குத் திருத்தும் கடையில் வேலை செய்தவர்தானே ஐயா, அவனுக்கு விளங்கும்படி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

பிள்ளை, அம்மாவின் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் மான் நினைவுக்கு வராது. ஆனால் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். தம்பி சட்டப்படி படித்து, உரிமம் எடுத்து வாங்கியிருக்கிறான். அது நல்ல தொடக்கம். அவன் சொன்னதில் ஒரு சொல்தான் பிழை. "புதியதுதானே" என்கிறானே, அந்தச் சொல்தான்.

தம்பி, இனி உன்னோடு பேசுகிறேன். புதிய துவக்கு என்றால் இன்னும் ஒருவரும் சோதித்து உன் கையில் ஒப்படைக்காத துவக்கு என்று எடுத்துக்கொள். தொழிற்சாலையில் சோதித்திருப்பார்கள், உண்மை. இருந்தும் 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? 2006 மே முதல் அதுவரை செய்த மொடல் 700, மொடல் 7 றைபிள்களில் ஒரு வகை விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பாகம்) பொருத்தியவற்றையெல்லாம் திருப்பி அழைத்தது. பொருத்தும்போது விசைத் தொகுதிக்குள் ஒட்டுப்பசை அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தது. அதனால் துவக்கு தானாக வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே அறிவித்தது. வாங்கியவர்களுக்கு அவையும் புதிய துவக்குகள்தான்.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, வெறுமையா என்று பார்ப்பது. கடைக்காரர் பார்த்தார், நானும் நேற்றுப் பார்த்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பு. மகசினைக் கழற்று. போல்டை, அதாவது ரவை அறையை மூடித் திறக்கும் கைப்பிடியுள்ள உருளையை, பின்னுக்கு இழு. ரவை அறைக்குள் கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவு. இருட்டில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. மேசையில் இருக்கிற ரவைப் பெட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோய் வை. இனி நான் சொல்கிற வீட்டு வேலை முழுவதும் ரவை இல்லாத அறையில்தான் நடக்க வேண்டும்.

அடுத்தது குழல். இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் என்னை இன்னும் பயமுறுத்துகிற இடம் இது. சின்ன வயதில் வன்னியில் இடியன் துவக்குப் பார்த்திருக்கிறேன். வாய்ப்பக்கத்தால் மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து இடித்துக் கெட்டிப்பார்கள், அதுதான் அந்தப் பெயர். அதில் குழல் வெடித்து விரல்களை இழந்த ஒருவர் எங்கள் உறவுக்குள் இருந்தார். உன் .308 நல்ல உருக்கில் செய்தது. ஆனால் அடைப்பு என்று வந்தால் எந்தக் குழலும் தாங்காது. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும்போது குழாய் அடைபட்டால் பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டு போகிறதல்லவா? இங்கே தண்ணீரின் இடத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தமுள்ள வாயு நிற்கிறது, அந்தக் குழலுக்குப் பக்கத்தில் உன் முகம் இருக்கிறது.

போல்டைக் கழற்றி எடுத்துவிட்டுப் பின்பக்கத்தால் வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார். வட்டமாக, தெளிவாக வெளிச்சம் தெரிய வேண்டும். பொதி கட்டியபோது போட்ட துண்டு, துருப்பிடிக்காமல் பூசிய தடித்த எண்ணெய், சில நேரம் உலோகத் தூள்கூட உள்ளே இருக்கும். அந்த எண்ணெய் காப்புக்காகப் பூசியது. அதோடு சுட்டால் முதல் சன்னம் (ரவையிலிருந்து பறந்து போகும் முனை) ஓரிடத்துக்கும் அடுத்த சன்னம் இன்னோரிடத்துக்கும் போகும், தேங்கி நின்றால் அழுத்தமும் கூடும். துப்புரவு செய்யும் கம்பியைப் பின்பக்கத்தால் விடு, வாய்ப்பக்கத்தால் விடாதே. சன்னம் குழலை விட்டு வெளியேறும் விளிம்பு மிக நுட்பமாகக் கடைந்தது. அதைக் கம்பி உரசித் தேய்த்தால் நீ என்ன ரவை வாங்கினாலும் குறி சரிவராது. நான் பழைய பருத்தி வேட்டியைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பேன். துப்புரவுத் திரவத்தில் நனைத்த துண்டு இரண்டு மூன்று, பிறகு உலர்ந்த துண்டு, வெள்ளையாக வெளியே வரும் வரைக்கும். ரவை அறையையும் துடை. குழல் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் போல்டில், உரசுகிற இடங்களில், ஒரு துளி போதும். கனடாக் குளிரில் எண்ணெய் கூடினால் அது கிறீஸ் போல இறுகி, ரவையின் அடியில் அடிக்கிற ஊசி மெதுவாக அடித்து, ரவை வெடிக்காமல் போகும்.

குழலில் எந்த ரவை அளவு வெட்டியிருக்கிறது என்று வாசி. ரவைப் பெட்டியில் இருப்பதும், ஒவ்வொரு ரவையின் அடியில் பொறித்திருப்பதும் அதுவாகவே இருக்க வேண்டும். ஏறக்குறைய என்பது இங்கே கிடையாது.

இனி விசையும் பூட்டும். ரவை இல்லை என்பதை மறுபடி பார்த்துவிட்டுத் தொடங்கு. போல்டை மூடிப் பாதுகாப்புப் பூட்டைப் போடு. விசையை நன்றாக இழு, ஒன்றும் நடக்கக்கூடாது. விரலை எடுத்துவிட்டுப் பூட்டைத் திற. அப்போது "டிக்" என்று ஊசி விழுந்தால் அந்தத் துவக்கைத் திருப்பிக் கொடு, ஒரு ரவைகூடச் சுடாதே. விழவில்லை என்றால் இப்போது விசையை இழு, அடிக்க வேண்டும். பிறகு போல்டைக் கொஞ்சம் வேகமாக ஐந்தாறு தரம் மூடிப் பார். பூட்டைத் திறந்தபடி பிடங்கை (தோளில் வைக்கும் பின்பகுதியை) ஒரு றப்பர் விரிப்பில் தட்டிப் பார். எதிலும் ஊசி தானாக விழக்கூடாது. உன் றைபிளை இப்படி வெறுமையாக அடித்துப் பார்ப்பதில் பொதுவாகக் கெடுதல் இல்லை, கையேட்டையும் பார்த்துக்கொள். .22 வகை வைத்திருப்பவர்கள் மட்டும் செய்ய வேண்டாம். அதில் ஊசி ரவை அறையின் விளிம்பிலேயே போய் அடிக்கும்.

திருகாணிகளை நம்பாதே. கடைக்காரர் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டித் தந்திருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார். கையேட்டில் எவ்வளவு இறுக்கம் என்று எழுதியிருக்கும், அந்த அளவைக் காட்டுகிற ஸ்பானரால் இறுக்கு, கைப்பலத்தால் இறுக்கிப் புரியை உடைத்துவிடாதே. எங்கள் கடைக்கு "குறி ஓடுகிறது" என்று வந்த துவக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இருந்த நோய் தளர்ந்த திருகாணிதான். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையில் எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர் விடு, சுடும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கும். ஒரு பையன் புருவத்தில் பிறை போல வெட்டோடு வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவனும் முதல் நாள் சுட்டவன்தான்.

சனிக்கிழமை போனதும் நேராக 100 மீற்றரில் தொடங்காதே. போல்டைக் கழற்றி, மணல் மூட்டையில் துவக்கை அசையாமல் வைத்து, குழலால் பார்த்துக் குறியை நடுவில் கொண்டுவா. பிறகு ஸ்கோப்பின் சிலுவையை அதே இடத்துக்குத் திருகு. முதலில் 25 மீற்றரில் சுடு. சற்றுத் தாழ்வாக விழுந்தால் பரவாயில்லை, ஸ்கோப் குழலுக்கு மேலே இருப்பதால் அப்படித்தான் விழும். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் திருகியின் ஒரு சொடுக்கு, சன்னம் விழும் இடத்தை 100 மீற்றரில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நகர்த்தும். ஒரு சூட்டைப் பார்த்துத் திருகாதே, மூன்று சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகு. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் குழலைத் துடைத்துப் "பழக்க" வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த நேரத்தில் காதுக் கவசம் சரியாக இருக்கிறதா என்று பார். ஒரு றைபிள் சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும், போன காது திரும்பி வராது. வெடிக்காத ரவை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிடம் காத்திரு. சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் அடுத்த ரவையை ஏற்றாதே, சன்னம் குழலுக்குள் நிற்கலாம். மறுபடி போல்டைக் கழற்றிப் பார்.

வீட்டில் வைக்கும்போது ரவை இல்லாமல், விசைப் பூட்டுப் போட்டு, பூட்டிய பெட்டிக்குள் வை. ரவைகளை வேறாகப் பூட்டி வை. கனடாச் சட்டம் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடச் செய்தால் நட்டமில்லை, வீட்டுக்குப் பிள்ளைகள் வருவார்கள்.

இங்கே இருந்து பார்க்கிறவர்களுக்கும் ஒன்று. இது கனடாக் கதை. இலங்கையில் துவக்கு என்றால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பன்றிக்கென்று கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். காலில் கம்பி தட்டினால் வெடிக்கும், வருவது பன்றியா விறகு எடுக்கப் போகிற பெண்ணா என்று அதற்குத் தெரியாது.

பிள்ளை, இதை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிடுங்கள். விசையைச் சோதித்துப் பார்த்ததும் உங்களுக்கு அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.