வந்து இறங்கிய அன்றிரவு

வணக்கம் நேயர்களே.

ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவியர் விடுதியில் பத்தொன்பது ஆண்டுகள் காப்பாளராக இருந்தவள் நான். ஒவ்வோர் ஆண்டும் புது மாணவிகள் வந்து இறங்கும் நாளில் வாசலில் மேசை போட்டு, பதிவேட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருப்பேன். பெயர் எழுதிக்கொள்வதும் அறைச் சாவி கொடுப்பதும்தான் என் வேலை. கண் என்னவோ பெட்டிகள் மேல்தான் இருக்கும். கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி, ஜிப் பிதுங்கி நிற்கும் பை, ஆள் உயரத்துக்குச் சுருட்டிய மெத்தை. ஒரு தடவை ஒரு முழுநீள நிலைக்கண்ணாடிகூட வந்து இறங்கியது. படிக்கப் போகிற பிள்ளைக்குப் பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது, சரி, இதைப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். என் வீட்டில் நடந்ததையும் கடைசியில் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தகுதி எவ்வளவு என்பது அப்போது தெரிந்துவிடும்.

வந்து இறங்கும் நாள் பகலில் ஒரே சந்தடி. அப்பா பெட்டி தூக்குவார், அம்மா அலமாரியைத் துடைப்பார், தம்பி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பான். மாலை ஆனதும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இரவு பத்து, பத்தரை மணிக்கு என் கதவு தட்டப்படும். "மேடம், ஒரு போர்வை கிடைக்குமா?" போர்வை இல்லாமல் வந்த பிள்ளை இல்லை. மூன்று போர்வை கொண்டுவந்திருப்பாள். மூன்றும் மூன்றாவது பெட்டியின் அடியில் கிடக்கும். அந்தப் பெட்டிக்கு மேல் இரண்டு பெட்டி. பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி. அந்தச் சாவி, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் அப்பாவின் சட்டைப் பையில். இது நான் கட்டிச் சொல்லும் கதை இல்லை. மூன்று தடவையாவது சாவிக்காக ஆள் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று ஆண்டுக்கு, நான்கு ஆண்டுக்கு என்று கட்டுகிறோம், அன்றிரவுக்குக் கட்டுவதில்லை. அதனால் நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். முதலில் ஒரு சின்னப் பை எடுங்கள். வந்து இறங்கிய அன்றிரவும் மறுநாள் காலையும் என்னென்ன தேவைப்படுமோ, அவை மட்டும் அதில் போகட்டும். ஒரு விரிப்பு, ஒரு போர்வை, தலையணை உறை, துண்டு, சோப்பு, பல் துலக்க வேண்டியவை, குளியலறைச் செருப்பு, மறுநாளைக்கு ஒரு மாற்றுடை, சார்ஜர், தண்ணீர் பாட்டில், அலமாரிக்கு ஒரு பூட்டு, தினமும் சாப்பிடும் மருந்து. இந்தப் பை கையிலேயே வர வேண்டும். மற்ற பெட்டிகள் ஒரு வாரம் திறக்கப்படாமல் கிடந்தாலும் குடி முழுகிவிடாது. பல பிள்ளைகள் ஒரு பெட்டியை ஆண்டு முடியும் வரை திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

விரிப்பு என்றதும் நினைவு வருகிறது. விடுதிக் கட்டில் வீட்டுக் கட்டில் அளவில் இருக்காது. நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பை வாங்கி வந்து, மாட்டினால் மெத்தையே வில்லாக வளையும். அளவைக் கேட்டு வாங்குங்கள். கேட்க வழியில்லை என்றால் சாதாரண விரிப்பே நல்லது, எந்த மெத்தைக்கும் சொருகிக்கொள்ளலாம்.

அடுத்தது கனம். நம் ஆட்கள் புத்தகத்தைக் குறைத்து எடைபோடுவார்கள். ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அந்தத் தாள் 16 அடங்கும். சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். அப்படியானால் ஒரு தாள் 5 கிராம். 400 பக்கப் புத்தகம் அந்த அளவில் இருந்தால் 200 தாள், அட்டை போக 1 கிலோ. பத்துப் புத்தகம் என்றால் 10 கிலோ. விமானத்தில் போகிறவர்களுக்குப் பல நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்குத் தரும் வரம்பு 23 கிலோ. பாதிப் பெட்டி புத்தகத்துக்கே போய்விடும். பல்கலைக்கழகத்தில் நூலகம் என்று ஒன்று இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதே இல்லை. பாடத்திட்டம் கைக்கு வருவதற்கு முன்பே பாடப்புத்தகம் வாங்கிக் கட்டுவது எனக்குப் புரியாத ஆசை.

துணியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துப் பலகை போலத் தட்டையாக்கும் பை ஒன்று இப்போது கிடைக்கிறது. இடம் மிச்சமாவது உண்மைதான். எடை ஒரு கிராம் குறையாது. மிச்சமான இடத்தில் இன்னும் நான்கு சாமான் ஏறும், தராசில் வைத்ததும் முகம் வாடும். பெட்டி கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். போகிற பிள்ளை, தான் மட்டும், யார் உதவியும் இல்லாமல், அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிக் காட்ட வேண்டும். மூச்சு வாங்கினால் பரவாயில்லை. நடுப்படியில் உட்கார்ந்துவிட்டால் பெட்டியைத் திறந்து பாதியை வெளியே எடுங்கள். சக்கரம் இருக்கிறதே என்பார்கள். பெட்டிக்குச் சக்கரம் வைக்கும் யோசனைக்குப் பெர்னார்டு சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1972-இல். நிமிர்த்திப் பிடித்து நீளக் கைப்பிடியால் இழுக்கும் பெட்டியை ராபர்ட் பிளாத் என்ற விமானி கொண்டுவந்தது 1987-இல். இருவரும் விமான நிலையத்தின் வழவழத் தரையை நினைத்துச் செய்தார்கள். எங்கள் விடுதியின் மாடிப்படியை அவர்கள் பார்த்ததில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: சக்கரப் பெட்டியில் கனமான சாமான் சக்கரத்தின் பக்கம், அடியில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் நிறுத்தி வைத்ததும் குப்புற விழும். முதுகுப் பையில் கனமானது முதுகை ஒட்டி இருக்கட்டும்.

மின்சாரச் சாமான்களில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இரவில் நான் ஓட நேர்ந்தது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஐந்து துளை இருந்தால் ஐந்திலும் எதை வேண்டுமானாலும் செருகலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் தாங்கும் பாக்ஸ் என்றால், மொத்தம் 1380 வாட் வரைதான். மடிக்கணினி சார்ஜர் 65 வாட், கைபேசிக்கு 20, மேசை விளக்குக்கு 10. இவை எல்லாம் சேர்ந்தும் அதற்கு ஒரு பொருட்டில்லை. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் ஒன்றே 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதைச் செருகினால் வயர் சூடாகும், அப்புறம் பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும், அப்புறம் நான் வருவேன். விடுதி விதியில் கெட்டிலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அனுமதி உண்டா என்று பாருங்கள்; பல இடங்களில் கிடையாது, பறிமுதல் செய்துவிடுவார்கள். என் அலமாரியிலேயே ஒரு காலத்தில் பதினான்கு கெட்டில்கள் இருந்தன.

வெளிநாடு போகிறவர்கள் சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்கும் வேலை செய்யும், பிளக்கின் கால் பொருந்த ஓர் அடாப்டர் போதும். சூடாக்கும் சாமான்களை மட்டும் கொண்டுபோக வேண்டாம். 230 வோல்ட்டுக்குச் செய்த கெட்டில் 120 வோல்ட் ஊரில் கால்பங்குச் சூடுதான் தரும். பவர் பேங்க், கையோடு வரும் பையில். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. வழக்கமான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்று எழுதிய பவர் பேங்கை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி, ஆகவே அது தப்பித்துவிடும்.

சான்றிதழ்களின் அசல் எந்தக் காரணம் கொண்டும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. உறை போட்டுக் கையில். நகல் ஒரு கட்டு தனியாக. படம் எடுத்துக் கைபேசியில் ஒன்று, வீட்டில் யாரிடமாவது ஒன்று. பாஸ்போர்ட் அளவுப் படம் நீங்கள் நினைக்கும் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு.

மருந்துச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவரிடம் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கும் பெயரில் வேறு ஊரில் அந்த மருந்து இல்லாமல் போகலாம். மூலப்பெயர் பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான். கண்ணாடி போடுகிற பிள்ளைக்கு இன்னொரு கண்ணாடியும் பவர் எழுதிய சீட்டும் வேண்டும். தடுப்பூசியையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மெனிஞ்சைட்டிஸ் என்கிற மூளை உறைக் காய்ச்சலின் ஒரு வகை, புதிதாக விடுதியில் நெருங்கி வாழத் தொடங்கும் முதலாண்டு மாணவர்களிடையே எளிதாகப் பரவக்கூடியது. அதனால் பல பல்கலைக்கழகங்கள் அதற்கான ஊசியைக் கேட்கின்றன. போட்டுக்கொண்ட பின் உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும். கிளம்புவதற்கு முந்தைய நாள் நினைத்துக்கொண்டு பயனில்லை.

பெட்டிக்குள் அடங்காத சாமான்களும் உண்டு. துணி துவைக்கத் தெரிவது அதில் ஒன்று. ஒரு பெண், முதல் வாரமே புதுச் சிவப்புச் சுடிதாரை வெள்ளை விரிப்போடும் துண்டோடும் வெந்நீரில் ஊறவைத்தாள். அந்த அறையில் இரண்டு பேருக்கும் அந்த ஆண்டு முழுக்க எல்லாமே இளஞ்சிவப்பு. கிளம்புவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே பிள்ளை தன் துணியைத் தானே துவைக்கட்டும், அலாரம் வைத்துத் தானே எழட்டும். யாரும் மூன்று தடவை வந்து எழுப்பக் கூடாது. அம்மாக்களுக்கு இது கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வீட்டு நினைப்பு வராதா என்று கேட்பார்கள். வரும். முதல் வாரத்தைவிட மூன்றாம், நான்காம் வாரத்தில் வந்து அழுத பிள்ளைகளே என்னிடம் அதிகம். புதுசு தீர்ந்த பிறகுதான் அது வேலையைக் காட்டும். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் இதை ஒரு நோயாகவே எழுதி, அதற்குப் பெயரும் வைத்தார். நோஸ்டால்ஜியா என்று இன்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல் அப்படிப் பிறந்ததுதான். அவர் விவரித்த நோயாளிகளில் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞர். காய்ச்சல், படபடப்பு, பிழைப்பாரா என்றே சந்தேகம். ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்றதுமே தேறத் தொடங்கி, ஊர் போய்ச் சேருமுன்பே குணமாகிவிட்டாராம். நம் பழைய இலக்கணமும் படிப்புக்காகப் பிரிவதைத் தனியாகக் குறித்து, ஓதற்பிரிவு என்று பெயர் கொடுத்து, மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் கட்டியிருக்கிறது. ஆனால் அங்கே பேச்செல்லாம் தலைவன் தலைவியைப் பிரிவதைப் பற்றி. அந்தப் பிரிவில் அம்மாவுக்கு இடமில்லை.

இனி என் வீட்டுக் கதை. போன ஆண்டு என் மகள் படிக்கக் கிளம்பினாள். இவ்வளவும் ஊருக்குச் சொன்ன நான், மூன்று பெட்டி கட்டினேன். வெந்நீர்ப் பை, இரண்டாவது போர்வை, ஒரு டஜன் ஹேங்கர், குடை இரண்டு, பித்தான் டப்பாவோடு ஊசி நூல். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினாள். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கியபோது லேசாக இருந்தது. அலுங்காமல் கட்டியிருக்கிறோம், அதுதான் கனம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போன நான்காம் நாள் அறையைப் பெருக்கப் போனேன். துடைப்பம் எதிலோ முட்டியது. குனிந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள்: வெந்நீர்ப் பை, போர்வை, ஹேங்கர்கள், ஒரு குடை, ஊசி நூல் டப்பா. ராத்திரி நான் தூங்கிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எதையும் எடுக்காமல் சுற்றிப் பெருக்கிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை நேரம், அவசர அவசரமாகப் போன் வந்தது.

"அம்மா, சட்டையில பித்தான் போயிடுச்சு. இன்னும் இருபது நிமிஷத்துல வகுப்பு. ஊசி நூல் டப்பா எங்கேம்மா வெச்சே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு" என்றேன்.

போனைக் கீழே வைக்கும் சத்தம், எதையோ இழுக்கும் சத்தம். திரும்பி வந்தாள், மூச்சு வாங்க.

"நல்லாக் குனிஞ்சு பார்த்துட்டேம்மா. செருப்புதான் இருக்கு."

வணக்கம்.