கடன் தீர்த்த கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

செஞ்சோற்றுக் கடன் என்றதும் நமக்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். இந்தச் சொல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிற இடம் பழைய ஜப்பான். அங்கே சாமுராய்க்குச் சம்பளமே அரிசிக் கணக்கில்தான். ஒரு பிரபு எவ்வளவு பெரியவர் என்பதையும் 'கொக்கு' என்ற அளவில் சொல்வார்கள். பறவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கொக்கு என்றால் சுமார் 180 லிட்டர் அரிசி, ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடுகிற அளவு.

ஆக்கோ என்ற கடலோரச் சிறுநாட்டின் பிரபு அசானோ நாகனோரி, 50,000 கொக்குக்காரர். 1701 ஏப்ரல் 21-ஆம் தேதி, எதோ என்ற நகரத்தின் கோட்டையில், அதாவது இன்றைய தோக்கியோவில், கியோத்தோவிலிருந்து வந்த அரசத் தூதர்களை உபசரிக்கும் பொறுப்பு அவருக்கு. சடங்கு முறைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் கிரா யோஷினாகா என்ற முதிய அதிகாரி. அன்று கோட்டைத் தாழ்வாரத்தில் அசானோ குறுவாளை உருவிக் கிராவை நெற்றியிலும் முதுகிலும் வெட்டினார். பக்கத்தில் இருந்த கஜிகாவா என்ற அதிகாரி பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தடுத்துவிட்டார். "வன்மம் நினைவிருக்கிறதா" என்று அசானோ கத்தியதாகக் கஜிகாவா எழுதி வைத்திருக்கிறார். என்ன வன்மம்? எழுதவில்லை. கிரா லஞ்சம் எதிர்பார்த்தார், கிடைக்காததால் அவமானப்படுத்தினார் என்பது பின்னால் கதை கட்டியவர்கள் சொன்னது.

கோட்டைக்குள் வாளை உருவுவதே பெருங்குற்றம். நாட்டை உண்மையில் ஆண்ட ராணுவத் தலைவர், அதாவது ஷோகுன், சுனயோஷி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாலையில், வேறொரு பிரபு வீட்டுத் தோட்டத்தில், அசானோ வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். ஒரு பிரபுவுக்கு வீட்டுக்குள் இடம் கொடுக்காமல் தோட்டத்தில் இடம் கொடுத்தது தனி அவமானம். நாடும் பறிபோனது. கிராவுக்கோ தண்டனையே இல்லை. சண்டை என்று வந்தால் இரண்டு பக்கமும் தண்டிக்கப்பட வேண்டும் என்பது அவர்களின் பழைய வழக்கம். ஆக்கோ ஆட்களுக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது இதுதான்.

முந்நூறு சாமுராய்கள் ஒரே நாளில் 'ரோனின்' ஆனார்கள். தலைவன் இல்லாமல் அலைகிறவன் என்று பொருள். அவர்களில் மூத்த நிர்வாகி ஓயிஷி குரானோசுகே. 'பகல் விளக்கு' என்று ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் இருந்ததாகச் சொல்வார்கள். எரியும், ஆனால் யாருக்கும் பயன்படாது!

அந்தப் பகல் விளக்கு முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? நாட்டின் காகிதப் பணத்தை வைத்திருந்த வியாபாரிகளுக்கு, முகமதிப்பில் 60 சதவீதம் கொடுத்துக் கணக்கை முடித்தார். பிறகு சண்டை போடாமல் கோட்டையை ஒப்படைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் ஓடியது பழிவாங்க இல்லை, மனு போட. அசானோவின் தம்பியை வைத்து அந்தக் குடும்பத்தை மீண்டும் நிறுத்த முடியுமா என்று பார்த்தார். சூடான ஆட்கள், குறிப்பாக ஹொரிபே யாசுபே, எதோவிலிருந்து அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 1702-இல் தம்பியை ஹிரோஷிமாவில் உள்ள உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டது அரசு. மனுவின் கதை அதோடு முடிந்தது. மிச்சம் இருந்தது கிராவைப் பழிவாங்கும் வழிதான்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இனிமேல் வருவது. சுமார் 120 பேர் ரத்தக் கைநாட்டோடு உறுதிமொழி கொடுத்திருந்தார்கள். ஓயிஷி இரண்டு ஆட்களை அனுப்பினார். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "திட்டம் கைவிடப்பட்டது, இந்தாருங்கள் உங்கள் கையெழுத்து" என்று, உறுதிமொழித் தாளிலிருந்து வெட்டியெடுத்த துண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிம்மதியாக வாங்கி வைத்துக்கொண்டவனை அப்படியே விட்டுவிட்டார்கள். கோபப்பட்டு வாங்க மறுத்தவனிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னார்கள். எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. போனவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளை, வருமானம் நின்று ஒரு வருடத்துக்கு மேல்.

இன்னொன்று, ஓயிஷியின் கணக்குப் புத்தகம். கையில் இருந்த பணம் சுமார் 690 ரியோ, அதாவது அந்தக் காலப் பொற்காசு. எசமானருக்குத் திவசச் செலவு, குடும்பத்தை மீட்கும் முயற்சிக்கான செலவு, எதோவுக்குப் போய்வர வழிச்செலவு, சாப்பாட்டுக்கு இல்லாத தோழர்களுக்கு உதவி என்று வரி வரியாக எழுதியிருக்கிறார். ஆயுதத்துக்குப் போனது அதில் சிறு தொகைதான். தாக்குதலுக்கு முன்பே அந்தப் புத்தகம் அசானோவின் விதவை வீட்டுக்குப் போய்விட்டது. கடன் என்ற ஒரே சொல்லில் கடமையையும் பாக்கியையும் சொல்லும் நமக்கு இந்த மனிதர் அந்நியராகத் தெரியமாட்டார்.

1703 சனவரி 31, விடியலுக்கு முன். தரையில் பனி கிடந்தது. 47 பேர் இரண்டு அணியாகக் கிராவின் மாளிகைக்குள் நுழைந்தார்கள். முன்வாசலுக்கு ஓயிஷி, பின்வாசலுக்கு அவர் மகன் சிகாரா, பதின்வயதுப் பையன். அணியில் 70 வயதைத் தாண்டிய ஹொரிபே யாஹெயும் உண்டு. கிராவின் ஆட்களில் பதினைந்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; வந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. கிராவைக் கரி வைக்கும் கொட்டகையில் கண்டுபிடித்தார்கள். முதுகில் இருந்த பழைய தழும்பே அடையாளம். தலையைக் கிணற்றில் கழுவி, செங்ககுஜி கோயிலில் அசானோ சமாதி முன் வைத்தார்கள். அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது.

வீரர்களா, குற்றவாளிகளா? அறிஞர்கள் அப்போதே அடித்துக்கொண்டார்கள். சாத்தோ நாவோகாதா கேட்டார்: அசானோவைக் கொன்றது கிராவா? அரசின் சட்டம் அல்லவா? பிறகு கிரா எப்படிப் பகைவர் ஆவார்? யமாமோதோ சுனேதோமோவின் கோபம் நேர் எதிரானது. இத்தனை நாள் காத்திருந்தபோது கிரா நோயில் செத்துப்போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள், உடனே பாய்ந்திருக்க வேண்டாமா என்றார். எனக்குச் சாத்தோவின் கேள்விதான் கனமாகத் தெரிகிறது. கிராவின் சொந்த ஊரில் அவரை வெள்ளத்துக்குக் கரை கட்டிய நல்ல பிரபுவாகத்தான் நினைக்கிறார்கள்.

அரசு இரண்டு பக்கமும் மனம் நோகாதபடி முடித்தது. தலையை வெட்டாமல், மரியாதையாக வயிற்றைக் கிழித்துக்கொள்ள ஆணை. 1703 மார்ச் 20 அன்று 46 பேர் இறந்தார்கள்.

ஆமாம், 46. மிச்சம் ஒருவர் தெராசாகா கிச்சியெமோன், அணியிலேயே கீழ்நிலைக் காலாள். தாக்குதலுக்குப் பின் கூட்டத்தில் அவரைக் காணோம். ஓடிப்போனார் என்றார்கள். இல்லை, சேதி சொல்ல ஓயிஷியே அனுப்பினார் என்றும் சொன்னார்கள். அரசு அவரைத் தேடித் தண்டிக்கவில்லை. 80 வயதைத் தாண்டி வாழ்ந்து 1747-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஓசாகா பொம்மலாட்ட மேடையில் இந்தக் கதை, தணிக்கைக்குப் பயந்து ஊரும் பேரும் மாற்றி, 'கனதெஹோன் சூஷிங்குரா' என்று அரங்கேறியது.

வணக்கம்.