என்ன கேட்பது என்று யார் சொல்லித்தருவார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கிற சகோதர சகோதரிகளுக்கும், இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டே கேட்கிற சபையாருக்கும் என் ஸ்தோத்திரம்.

கிறிஸ்தவ வாழ்க்கையில் நாம் வளரப் பெரிதும் துணைசெய்வது ஜெபமா, வேத அறிவா? இதுதான் தலைப்பு. நான் வேத அறிவின் பக்கம் பேச வந்திருக்கிறேன். ஜெபத்தைக் குறைத்துப் பேச வரவில்லை, ஐயா. அப்படிப் பேசினால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது, அது நியாயமும்கூட. ஜெபிக்கிறவருக்கு எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று சொல்லித்தருவது எது? எங்கள் வழக்கு அது ஒன்றுதான்.

எதிரணித் தலைவர் தானியேலைச் சாட்சிக்கு அழைத்தார். எருசலேமை நோக்கிய ஜன்னல், தினம் மூன்று வேளை முழங்கால், அதற்காகச் சிங்கக் கெபி. கேட்கும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஆறாம் அதிகாரத்தோடு சாட்சியை இறக்கி அனுப்பிவிட்டார். ஒன்பதாம் அதிகாரத்துக்கு வாருங்கள் ஐயா. அங்கே தானியேல் கையில் எரேமியாவின் எழுத்துக்கள் இருக்கின்றன. வாசிக்கிறார். எருசலேமின் பாழ்க்கடிப்பு நிறைவேற எழுபது வருஷம் என்பது அவருக்குப் புரிகிறது. அடுத்த வசனத்திலேயே உபவாசம், இரட்டு, சாம்பல், ஜெபம்! அதுவரை அவர் ஜெபிக்காதவரா? தினம் மூன்று வேளை ஜெபித்தவர். அப்படிப்பட்டவரை இந்த ஜெபத்துக்குள் தள்ளியது வாசிப்பு.

அந்த ஜெபத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். 'எழுபது வருஷம் முடியப்போகிறது, எங்களைச் சீக்கிரம் அனுப்பிவையும்' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. 'நாங்கள் பாவஞ்செய்தோம்' என்று ஆரம்பிக்கிறார். 'எங்கள் ராஜாக்கள், எங்கள் பிரபுக்கள், எங்கள் பிதாக்கள்' என்று ஒரு ஜாதியின் கணக்கையே தன் தலையில் ஏற்றிக்கொண்டு அறிக்கையிடுகிறார். தன் ஜனத்தைப் பாபிலோனுக்குக் கொண்டுபோன அந்தச் சிறையிருப்பு ஏன் வந்தது என்று தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய ஜெபம் அது.

அதே எரேமியாவை நாமும் வைத்திருக்கிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு எரேமியா 29:11 வந்திருக்கிறது! 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' வீட்டுச் சுவரில், கார் கண்ணாடியில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் இருக்கிறது. அந்த வசனத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, 'இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும்' என்று சொல்லியிருந்தான். கேட்பதற்கு இனிமையான பேச்சு, ஆனால் பொய். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகும் நாளைக் காணமாட்டார்கள். 'வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள்' என்கிறது. பிறகு ஏழாம் வசனம்: 'நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்.'

சொந்த ஊருக்காக என்று சொல்லவில்லை ஐயா. பிடித்துக்கொண்டுபோனவனுடைய பட்டணத்துக்காக!

அட்டையில் இருக்கிற ஒரு வரியை மட்டும் பிடித்து ஜெபிக்கிறவர் என்ன கேட்பார்? என் வேலை, என் பிள்ளையின் சீட், என் விசா. கேட்கலாம், தப்பில்லை, ஆண்டவர் நம் தகப்பன்தான். ஆனால் கடிதம் முழுவதையும் வாசித்தவர் சென்னைக்காக ஜெபிப்பார். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து ஆவடியிலும் தாம்பரத்திலும் வாடகைக்கு இருந்துகொண்டு, 'ஆண்டவரே, எப்போது ஊருக்குப் போவோம்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வாய், இந்தத் தெருவுக்காக, இங்கே குப்பை அள்ளுகிறவருக்காக, ஆற்றங்கரையிலிருந்து வீட்டைப் பெயர்த்து ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட குடும்பத்துக்காகத் திறக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டபோது நாம் ஒவ்வொரு கூட்டத்திலும் தண்ணீருக்காக ஜெபித்தோம். மழை வந்தது. அதற்குப் பிறகு இந்த ஊரின் தண்ணீருக்காக எத்தனை கூட்டத்தில் ஜெபித்தோம்? தேவை எழுப்புகிற ஜெபம் தேவை தீர்ந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. ஏழாம் வசனம் எழுப்புகிற ஜெபத்துக்கு அப்படி ஓய்வு கிடையாது.

எதிரணிச் சகோதரி 'அறிவு இறுமாப்பை உண்டாக்கும்' என்று 1 கொரிந்தியர் 8-ஐ எடுத்து வீசினார். ஆமென் அம்மா. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னலாமா என்ற வழக்கில், தங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பலவீனமான சகோதரனை இடறப்பண்ணினவர்களுக்குப் பவுல் கொடுத்த சூடு அது. அதே பவுல் கட்டுண்டவராய் இருந்துகொண்டு சபைகளுக்காக என்ன ஜெபித்தார்? பிலிப்பியருக்கு, 'உங்கள் அன்பானது அறிவிலும் எல்லா உணர்விலும் இன்னும் அதிகமதிகமாய்ப் பெருகவும்.' கொலோசெயருக்கு, 'தேவனை அறிகிற அறிவில் விருத்தியடைந்து.' ஜெபத்தின் பக்கம் நிற்கிற என் சகோதரர்களே, உங்கள் பவுல் முழங்காலில் நின்று கேட்டதே எங்கள் பக்கத்துப் பொருளை!

இனி பாட்டி. எதிரணியின் பலமே அந்தப் பாட்டிதான் என்று எனக்குத் தெரியும். கைதட்டலும் அங்கேதான் அதிகம் வந்தது. எழுத்தே தெரியாத பாட்டி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஜெபிக்கிறவர். அவருக்கு என்ன வேத அறிவு என்று கேட்டார்கள். நடுவர் அவர்களே, இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் கோபப்படுகிறேன். எழுத்து தெரியாததால் அறிவு இல்லை என்று அந்தத் தாயைப் பற்றிச் சொல்லலாமா? வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் பாடி முடித்தவுடனே கேள்விக்குத் தனி அதிகாரம் வைத்த தமிழில் நின்று பேசுகிறோம். அந்தப் பாட்டியின் ஜெபத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி சங்கீதம், மீதி கீர்த்தனை. 'என் மேய்ப்பர்' என்பார், 'கண்மணியைப் போல் காத்தருளும்' என்பார். அவ்வளவும் வேதம், காது வழியாக ஏறிய வேதம்.

அது தானாக ஏறிவிடவில்லை. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி முடிந்தது. பிறகு நாம் கூடியிருக்கிற இதே வேப்பேரியில் ஜெர்மனியிலிருந்து வந்த பப்ரீஷியஸ் ஐயர் தங்கி, வேதத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி மொழிபெயர்த்தார். 1761-இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த அச்சு இயந்திரம் அவர் கைக்கு வந்தது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியதும் அவர்தான். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் வேதத்தைக் கீர்த்தனையாகவே பாடிக் கொடுத்தார். இத்தனை பேர் பாடுபட்டுக் காதில் போட்டதுதான் விடியற்காலை நான்கு மணிக்கு அந்தத் தாயின் வாயில் ஜெபமாக வருகிறது. பாட்டி எங்கள் அணி, ஐயா.

ரோமர் 8-இன் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளுக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். மருத்துவமனை வராந்தாவில் அது ஒன்றுதான் வரும். ஆனால், அறியாமலிருக்கிற நமக்கு ஆவியானவர் உதவுகிறார் என்பது, அறியாமலேயே இருந்துவிடலாம் என்பதற்கு அனுமதி ஆகாது.

கடைசியாக அப்போஸ்தலர் நான்கு. பேதுருவும் யோவானும் 'படிப்பறியாதவர்கள்' என்று அவர்களை விசாரித்த யூத ஆலோசனைச் சங்கத்தாரே அறிந்துகொள்கிறார்கள். இனி இயேசுவின் நாமத்தில் பேசக்கூடாது என்று மிரட்டி அனுப்புகிறார்கள். இருவரும் வந்து சொன்னதும் சபை ஜெபிக்கிறது. எதைச் சொல்லி? ஜாதிகள் ஏன் கொந்தளிக்கிறார்கள் என்ற இரண்டாம் சங்கீதத்தைச் சொல்லி. ராஜாக்கள் கர்த்தருடைய அபிஷேகம்பண்ணப்பட்டவருக்கு விரோதமாக எழும்புவார்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். இயேசுவுக்கு விரோதமாக எழும்பின ஆளுகிறவர்களான ஏரோதையும் பிலாத்துவையும் அந்தச் சங்கீதத்துக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். ஆகவே மிரட்டலை நிறுத்தும் என்று கேட்கவில்லை, உம்முடைய வசனத்தை முழு தைரியத்தோடும் சொல்ல அருளும் என்று கேட்கிறார்கள். கூடியிருந்த இடம் அசைந்தது.

எனக்குப் பின் பேச வருகிற எதிரணிச் சகோதரரிடம் ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். அந்த ஜெபத்திலிருந்து இரண்டாம் சங்கீதத்தை எடுத்துவிட்டால், பயந்துபோயிருந்த அந்தச் சபை அன்றைக்கு ஆண்டவரிடம் எதைக் கேட்டிருக்கும்? அதை முதலில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள், அண்ணா. நன்றி.