மேயர் இல்லாத ஊரில் குப்பை அள்ளுவது யார்?

சரி, அடுத்த கேள்வி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டி மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் சில்வர் ஸ்பிரிங்கைப் பற்றி. இரண்டு வாரமாக இதை மனதிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் கேட்டவர் என்னை நன்றாக மடக்கிவிட்டார். "சில்வர் ஸ்பிரிங் ஒரு நகரமே இல்லை என்று முன்பு ஒரு வீடியோவில் சொன்னீர்கள். என் தம்பி ஏழு வருடமாக அங்கேதான் குடியிருக்கிறான். மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கடைகண்ணி எல்லாம் இருக்கிறது. நகரம் இல்லையென்றால் அவன் வீட்டுக் குப்பையை யார் அள்ளுகிறார்கள்?"

கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. நியாயமான கோபம்தான். பிறந்த ஊரோ பிழைக்கப் போன ஊரோ, அதை ஊரே இல்லை என்று ஒருவன் சொன்னால் சுருக்கென்று இருக்காதா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டிதான் அள்ளுகிறது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. அதாவது கவுண்டி ஒப்பந்தம் போட்ட கம்பெனியின் லாரி வந்து அள்ளுகிறது, அதுவும் தனி வீடுகளுக்குத்தான். உங்கள் தம்பி அபார்ட்மென்டில் இருந்தால் கட்டட நிர்வாகமே தனியாக ஆள் வைத்திருக்கும். போலீஸ் கவுண்டி போலீஸ், பள்ளிக்கூடம் கவுண்டி பள்ளிக்கூடம், நூலகம் கவுண்டி நூலகம். தண்ணீரும் சாக்கடையும் 1918-இல் தொடங்கிய வாஷிங்டன் புறநகர் சுகாதார ஆணையத்தின் பொறுப்பு, அது மான்ட்கோமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ் என்ற பக்கத்துப் பக்கத்து இரண்டு கவுண்டிகளுக்கும் பொதுவானது. சில்வர் ஸ்பிரிங் என்ற பெயரில் மேயரும் கிடையாது, கவுன்சிலும் கிடையாது. உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் தம்பி ஓட்டுப் போடுவதாக இருந்தால் மான்ட்கோமரி கவுண்டிக்குத்தான் போட முடியும், அதன் தலைமையிடம் ராக்வில்லில் இருக்கிறது.

நம்மூரில் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று ஏதாவது ஒரு பெயர்ப்பலகைக்குக் கீழேதான் வீடு இருக்கும். அந்தப் பழக்கத்தில் போனால் அங்கே தலை சுற்றும். அங்கே ஓர் இடம் நகராட்சியாக ஆக வேண்டும் என்றால் மாநிலச் சட்டப்படி சாசனம் பெற்று இன்கார்ப்பரேட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் குடி ஒன்றும் முழுகிப் போகாது, கவுண்டியே பார்த்துக்கொள்ளும். மேரிலாந்தில் இது சர்வ சாதாரணம். பால்டிமோருக்கு அடுத்தபடி ஜனத்தொகையில் பெரிய இடங்களான கொலம்பியாவும் ஜெர்மன்டவுனும் இன்கார்ப்பரேட் ஆனவை இல்லை. சில்வர் ஸ்பிரிங்கில் 2020 சென்சஸ் கணக்குப்படி 81,015 பேர். இந்த எண் எந்த எல்லைக்கு உட்பட்டது என்று கேட்டால், சென்சஸ்காரர்கள் கணக்குக்காக வரைபடத்தில் போட்டுக்கொண்ட கோட்டுக்கு உட்பட்டது. அந்தக் கோட்டுக்கு வேறு எந்த அதிகாரமும் இல்லை.

நான் முதல் தடவை அங்கே போனபோது எனக்கும் இது தெரியாது. ஜார்ஜியா அவென்யூ பக்கம் என் சித்தி மகன் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டவுன் ஹாலைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம், பழைய நேயர்களுக்குத் தெரியும். டவுன்டவுன் நடுவில் பெரிய கண்ணாடிக் கட்டடம், வெளியே பெரிய முற்றம், பெயர் சிவிக் பில்டிங். இதுதான் என்று நேராக உள்ளே போய் மேஜையில் இருந்த அம்மாவிடம் மேயர் அலுவலகம் எந்த மாடி என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்தீர்களா?" என்றார். பக்கத்து ஹாலில் ஓர் எத்தியோப்பியக் கல்யாண வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. அது கவுண்டிக்குச் சொந்தமான கட்டடம், ஹாலை வாடகைக்கு விடுகிறார்கள். அசட்டுச் சிரிப்புடன் வெளியே வந்தால் முற்றத்தில் ஐஸ் போட்டுப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். (எத்தியோப்பியச் சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும் என்றால் அந்த ஊர்தான். இஞ்சேரா பார்ப்பதற்கு நம் ஆப்பம் மாதிரி, புளிப்பு கூடுதல். அதை இன்னொரு நாள் பேசலாம்.)

அந்த முற்றத்துக்கே ஒரு கதை உண்டு. 2005 வாக்கில் அந்தக் கட்டடம் வருவதற்கு முன் இடம் காலியாகக் கிடந்தது. தற்காலிகமாக இருக்கட்டும் என்று அதில் பச்சை நிறச் செயற்கைப் புல்லை விரித்துவிட்டார்கள். வெறும் பிளாஸ்டிக் புல். ஆனால் ஜனங்கள் அதில் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், பிள்ளைகளை விளையாட விட்டார்கள், கட்டடம் கட்டுவதற்காக அதை எடுக்கப் போகிறார்கள் என்றதும் எடுக்காதே என்று குரல் கொடுத்தார்கள். மேயர் இல்லை, டவுன் ஹால் இல்லை, ஒரு பிளாஸ்டிக் புல்தரை ஊர்ச் சாவடி ஆகிவிட்டது.

அதற்குப் பக்கத்துத் தெரு எல்ஸ்வொர்த் டிரைவ். 2007-இல் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காவலாளி வந்து, இது தனியார் இடம், எடுக்கக் கூடாது என்று தடுத்தார். தெரு கவுண்டியுடையது, ஆனால் கடைத்தெருவைக் கட்டிய நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அந்த ஜூலை 4 அன்று ஜனங்கள் கேமராவும் கையுமாகத் திரண்டு வந்து அதே தெருவில் நடந்தார்கள். கடைசியில் கவுண்டியின் சட்ட அதிகாரி, இது பொதுத் தெருதான், படம் எடுக்கலாம் என்று சொன்னார். தெரு யாருடையது என்பதைக்கூட வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் அது.

சரி, பெயர் எப்படி வந்தது? பிரான்சிஸ் பிரெஸ்டன் பிளேர் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு மிகவும் நெருக்கமானவர். 1840-இல் அவரும் மகள் எலிசபெத்தும் வாஷிங்டனுக்கு வடக்கே குதிரையில் போகும்போது மரங்களுக்கு நடுவே ஓர் ஊற்றைப் பார்த்தார்களாம். குதிரையின் பெயர் செலீம். ஊற்று மணலில் காக்காய்ப் பொன், அதாவது மைக்கா, பளபளவென்று மின்னியிருக்கிறது. வெள்ளி ஊற்று, சில்வர் ஸ்பிரிங். அவர் அங்கே நிலம் வாங்கிக் கட்டிய மாளிகைக்கு வைத்த பெயர் அது. ஊருக்கு வைத்த பெயரே இல்லை, வீட்டுக்கு வைத்தது! 1873-இல் ரயில் வந்தது, அப்புறம் தபால் நிலையம், அப்புறம் மனை விற்கிறவர்கள். வீட்டின் பெயர் ஸ்டேஷனுக்கு, ஸ்டேஷனிலிருந்து முகவரிக்கு என்று அப்படியே பரவிவிட்டது.

இங்கேதான் நான் எப்போதும் சொல்வதைச் சொல்லப் போகிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள். முகவரியில் இருக்கும் ஊர் வேறு, வரி வாங்கும் ஊர் வேறு. அமெரிக்கத் தபால் துறை 'சில்வர் ஸ்பிரிங்' என்று எழுதச் சொல்லும் பரப்பு, சென்சஸ் கோட்டைவிடப் பல மடங்கு பெரியது. மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடமிருந்து கடிதம் வந்தால் கம்பெனியே நடுங்கும் இல்லையா, அந்தக் கடிதத்தின் தலைப்பில் என்ன ஊர் இருக்கிறது என்று பாருங்கள். சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து. ஆனால் அலுவலகம் இருப்பது டவுன்டவுனிலிருந்து சில மைல் வடக்கே, ஒயிட் ஓக் என்ற பகுதியில். அங்கே இறங்கி வெள்ளி ஊற்றைத் தேடினால் கிடைக்காது.

ஊற்று இருந்த இடம் ரயில் பாதைக்கு அருகே ஏகார்ன் பார்க். பூங்கா என்று பெயர்தான், ஒரு கல்யாண மண்டப மேடையைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும். ஓக் மரத்துக் கொட்டை வடிவத்தில் கூரை போட்ட ஒரு சின்ன மண்டபம், பிளேர் காலத்தது, இன்னும் நிற்கிறது. ஊற்று வற்றிவிட்டது.

பிளேர் குடும்பத்தை அப்படியே விட்டுவிட முடியாது, ஏனென்றால் இந்த ஊருக்கு ஏன் மேயர் இல்லை என்பதற்குப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் 1864 ஜூலையில் தெற்குப் படைத் தளபதி ஜூபல் எர்லி வாஷிங்டனைப் பிடிக்க வந்து இந்த மாளிகையில்தான் தங்கினார். ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் சண்டையில் லிங்கனே கோட்டைச் சுவரில் ஏறி நின்று பார்த்தார், குண்டுகள் பறந்துகொண்டிருந்தபோது. எர்லியின் படை பின்வாங்கியது, போகிற சமயத்தில் பிளேர் மகன் மான்ட்கோமரியின் வீடு எரிந்தது. அவர் லிங்கன் மந்திரிசபையில் இருந்தவர், என்ன இலாகா தெரியுமா? தபால் இலாகா! இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

எலிசபெத் கல்யாணம் செய்துகொண்டது லீ குடும்பத்தில். அவருடைய பேரன் இ. புரூக் லீ. 1920களில் அரசியலும் ரியல் எஸ்டேட்டும் ஒரே கையில். தாத்தா வழி நிலத்தை மனை போட்டு விற்றார், கவுண்டி அரசியலையும் கையில் வைத்திருந்தார், 1927-இல் இரண்டு கவுண்டிகளுக்கும் பூங்காவும் நிலத் திட்டமும் பார்க்கிற ஆணையம் வந்ததிலும் அவர் பங்கு பெரிது. ரோடு, தண்ணீர், சாக்கடை எல்லாம் கவுண்டி வழியாகவும் ஆணையம் வழியாகவும் வந்து சேரும்போது எதற்கு இன்னொரு நகராட்சி, எதற்கு இன்னொரு வரி? அந்தக் கவுண்டியும் 1948-இல் தனக்கென்று சாசனம் வாங்கிக்கொண்டது, மேரிலாந்தில் அப்படி வாங்கிய முதல் கவுண்டி அதுதான். 1947-இல் ஹெக்ட்ஸ் என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வாஷிங்டனைத் தாண்டித் தன் கிளையை இங்கே திறந்தபோது ஜனங்கள் தலைநகரிலிருந்து புறநகருக்கு வந்து சாமான் வாங்கினார்கள். நகரம் என்றால் என்னவெல்லாம் வேண்டுமோ எல்லாம் வந்துவிட்டது, நகராட்சி மட்டும் வரவில்லை.

ஆனால் அந்த மனைகளின் பத்திரங்களில் ஒரு ஷரத்து இருந்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. வீட்டு வேலைக்கு வரலாம். உண்மையில் என்னிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: குப்பையை யார் அள்ளினார்கள் என்பது இல்லை, அது எங்கே போனது?

லிட்டன்ஸ்வில் என்று ஒரு குடியிருப்பு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். 1853-இல் சாமுவேல் லிட்டன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் நிலம் வாங்கி உண்டான ஊர். இந்தப் பக்கம் தார் ரோடும் புல்தரையும் வந்து வெகுகாலம் கழித்தும் அங்கே மண் ரோடுதான். குப்பை எரிக்கும் உலையை அந்தப் பக்கம்தான் வைத்தார்கள். போய்க் கேட்கத் தங்களுக்கென்று ஒரு கவுன்சிலர் கிடையாது, ராக்வில்லுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு பாலம், டால்பட் அவென்யூ பாலம். 1918-இல் ரயில்வே கட்டியது. ரயில் எஞ்சினைத் திருப்பி விடும் பழைய சுழல்மேடையின் இரும்பைக் கொண்டுவந்து பாலமாகப் போட்டிருந்தார்கள், மேலே மரப்பலகை, ஒரு வண்டி போகிற அகலம். வேலைக்கு, கடைக்கு, பஸ்ஸுக்கு லிட்டன்ஸ்வில் ஜனங்கள் அதில்தான் நடந்து வந்தார்கள். 2018-இல் அதற்கு நூறு வயது ஆனதை இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து பாலத்தின் மேலேயே கொண்டாடினார்கள். மறு வருடம் பர்ப்பிள் லைன் என்ற புது ரயில் பாதைக்காக அதை எடுத்துவிட்டார்கள்.

கேள்வியை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன், தெரிகிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும், இது நம்மவர்களுக்கு உதவும். சில்வர் ஸ்பிரிங்கை ஒட்டியே டகோமா பார்க் இருக்கிறது. அது 1890-இலேயே இன்கார்ப்பரேட் ஆனது. அங்கே மேயர் உண்டு, கவுண்டி வரிக்கு மேல் நகர வரியும் உண்டு. நகரத் தேர்தலில் 2013 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் ஓட்டுப் போடலாம், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களோ 1990களிலிருந்தே போடலாம். எச்1பி விசாவில் இருக்கிறவர் எல்லையின் அந்தப் பக்கம் வீடு எடுத்தால் மேயரைத் தேர்ந்தெடுக்கலாம், இந்தப் பக்கம் எடுத்தால் தேர்ந்தெடுக்க மேயரே கிடையாது. லான்ஹாம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் யாராவது கமெண்டில் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அது பக்கத்து பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி, லான்ஹாமுக்கும் மேயர் இல்லை.

உங்கள் தம்பியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள், அவர் வீட்டு ஜிப் கோடு என்ன? 20910 என்றால் நான் பேசியதெல்லாம் அவர் தெருவைப் பற்றித்தான். 20906 என்றால் முகவரி சில்வர் ஸ்பிரிங்காகவே இருக்கும், ஆனால் அது ஆஸ்பென் ஹில் பக்கம், நான் இவ்வளவு நேரம் வேறு யாருடைய ஊரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.